ஓ. ஹென்றியை வாசிக்கத் தொடங்குவது எப்படி?

ஓ. ஹென்றி என்ற புனைபெயரில் எழுதிய அமெரிக்கச் சிறுகதையாளர் வில்லியம் சிட்னி போர்ட்டரை (1862–1910) வாசிக்கத் தொடங்குபவர், 1905இல் வெளிவந்த ‘மேகியின் பரிசு’ கதையை முதலில் எடுத்துக்கொள்வது நல்லது. முடிவை அறியும் ஆவலில் ஒருமுறை வேகமாகப் படித்துவிட்டு, உடனே முதல் பத்திக்குத் திரும்ப வேண்டும். கதையின் நாயகி டெல்லாவிடம் இருக்கும் 1 டாலர் 87 சென்ட்டில் 60 சென்ட் வெறும் ஒரு சென்ட் காசுகள் என்ற விவரமே, மளிகைக்காரரிடமும் காய்கறிக்காரரிடமும் முகம் சிவக்கப் பேரம் பேசி அவள் மிச்சம் பிடித்ததைக் காட்டிவிடுகிறது. அவள் கணவன் ஜிம்மின் கடிகாரமும் அவளுடைய கூந்தலும் முதன்முதலாகச் சேர்த்துப் பேசப்படும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டால், திருப்பம் எங்கே விதைக்கப்பட்டது என்பது புலப்படும்.

வாழ்க்கை வரலாறு அதன்பிறகு போதும். வங்கிப் பணத்தைக் கையாடிய வழக்கில் 1898இல் ஓஹையோ சிறைக்குச் சென்றவர், அங்கே மருந்தாளராக வேலை பார்த்தபடியே கதைகள் எழுதினார். இதை அறிந்தபின், சிறையிலிருந்து விடுதலையாகும் பெட்டக உடைப்புத் திருடன் ஜிம்மி வாலண்டைனின் கதையைப் படியுங்கள்.