தொட்டியில் தும்பை

தும்பை தானாக முளைக்கிற இடத்தைப் பார்த்தாலே வளர்ப்பில் பாதி புரிந்துவிடும். அறுவடை முடிந்த கொல்லை, வரப்போரம், செம்மண் மேடு என்று நாள் முழுக்க வெயில் காயும், தண்ணீர் தேங்காத தரைதான் அதற்குப் பிடிக்கும். எருவைக் கொட்டி நிழலில் வைத்தால் செடி நெடுநெடுவென்று போகும். பூ மட்டும் சிக்கனமாக வரும்.

பூவோடு நிற்கும் செடியைப் பிடுங்கி வந்து நடுவது வீண் வேலை. வேர் அறுந்து தலை தொங்கிவிடும். விதைதான் வழி. தண்டில் அடுக்கடுக்காக இருக்கும் உருண்டைக் கொத்துகள் பழுப்பேறிக் காய்ந்த பிறகு நறுக்கி, காகிதப் பையில் சில நாள் உலர்த்திக் கசக்கிப் புடையுங்கள். ஒவ்வொரு பூ இருந்த குழாயின் அடியிலும் நான்கு விதை வரை கிடைக்கும். பச்சைக் கொத்தைப் பறித்தால் பதர்தான் மிஞ்சும்.

எடுக்கும் முன் செடியை உறுதி செய்துகொள்ளுங்கள். தும்பைத் தண்டு நாற்சதுரம்; பூ வெள்ளை, கீழ் உதடு பெரிது. பூ தலைகவிழ்ந்து வெளிர்நீலமாக இருந்தால் அது கவிழ்தும்பை. வேறு குடும்பம், சமையலுக்கு எடுக்காதீர்கள்.

புரட்டாசிக் கடைசியில், மழைக்கு முன்னே விதைக்கலாம். பத்து அங்குலத் தொட்டியில் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு கைப்பிடி போதும். ஒரு சிட்டிகை விதையை மணலோடு கலந்து தூவி, உள்ளங்கையால் அமுக்கிவிடுங்கள். ஆழப் புதைத்தால் முளைக்காது. முளைக்கும்வரை தண்ணீரைத் தெளிக்க வேண்டும். ஊற்றினால் விதையெல்லாம் ஓரத்துக்குப் போய்விடும். நாலைந்து இலை விட்டதும் நல்ல மூன்று நாற்றை வைத்துக்கொண்டு மீதியைக் களையுங்கள். நெருக்கமும் ஈரமும் சேர்ந்தால் தண்டு மண்மட்டத்தில் கறுத்துச் சாயும். அதன்பின் மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். அரைச் சாண் உயரத்தில் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வெடித்துப் பூக்கொத்து கூடும். கொத்துகளின் இடுக்கில் மாவுப்பூச்சி ஒளிந்திருக்கும். ஆரம்பத்திலேயே தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள்.

பூசைக்குப் பூவைக் காலையில் எடுங்கள். லேசாக இழுத்தாலே இதழ் தனியாக வந்துவிடும், கொத்தைக் கிள்ள வேண்டாம். ஆனால் மகரந்தத்தாள் இதழோடு ஒட்டியிருப்பதால் அதுவும் கூடவே போகும். எனவே சில கொத்துகளைத் தொடாமல் விட்டால்தான் விதை நிச்சயம்.

துவையலுக்குப் பூக்கும் முன் உள்ள கொழுந்திலை ஒரு கைப்பிடி. சாலையோர இலை வேண்டவே வேண்டாம். களைக்கொல்லி அடித்திருப்பார்கள், நாயும் சும்மா விட்டிருக்காது. நல்லெண்ணெயில் ஒரு மேசைக்கரண்டி உளுந்து, நான்கு வரமிளகாய் சிவந்ததும் இலையைப் போட்டுச் சுருள வதக்கி, கோலிக்குண்டு அளவு புளி, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய், உப்பு சேர்த்து அரையுங்கள். கசப்பு தூக்கினால் துளி வெல்லம். இலை அரைவேக்காடாக இருந்தால் கசப்பு அடங்காது.

சளிக்கு இலையைக் கொதிக்கவைத்து ஆவி பிடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாற்றை மூக்கில் விடுவது, பாம்புக்கடிக்குக் கொடுத்துப் பார்ப்பது இரண்டும் கூடாது. கடிபட்டவரை நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

விதை முற்றியதும் செடி காயும். அது நோயல்ல, ஒருபருவச் செடியின் ஆயுள் அவ்வளவுதான். பிடுங்கும் முன் அதே தொட்டியில் உதறிவிட்டால் அடுத்த மழைக்குத் தானே முளைக்கும்.