கேமரா பொய்யாக ‘பேட்டரி காலி’ என்கிறதா? முதலில் உப்புத்தாளைக் கீழே வையுங்கள்

தைப்பூசக் காவடி நெருங்கினால் போதும், மொரீஷியஸில் புதிதாகக் கேமரா பிடித்த பிள்ளைகளின் புலம்பல் தொடங்கிவிடும். ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டேன், கோவில் வாசலில் நாலு படம்கூட எடுக்கவில்லை, அதற்குள் சிவப்புப் பேட்டரி மின்னுகிறது என்பார்கள். அப்புறம் எங்கள் தலைமுறை செய்த அதே கோமாளித்தனங்களை ஒன்று விடாமல் செய்வார்கள். சார்ஜரைச் செருக மறந்தது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதற்குக் கட்டுரை தேவையில்லை.

பேட்டரிக்குள் எவ்வளவு மிச்சம் என்பதைக் கேமரா எட்டிப் பார்ப்பதில்லை. சில பேட்டரிகளில் கணக்கு வைக்கும் சில்லு உண்டு. மற்றபடி, முனையில் வரும் வோல்டேஜை வைத்துத்தான் ஊகிக்கிறது. லென்ஸ் மோட்டார் ஓடும்போதும் ஃபிளாஷ் நிரம்பும்போதும் மின்னோட்டம் சட்டென்று ஏறும். வழியில் கொஞ்சம் தடை இருந்தாலும் அந்த நொடியில் வோல்டேஜ் சரியும். நிறைந்த பேட்டரியும் அப்போது காலி போலத் தெரியும்.

முனைகளைச் சுரண்டுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது.

கடலோரத்தில் படம் எடுக்கும் ஒரு தம்பிக்கு இந்த எச்சரிக்கை வந்தது. கேமராவுக்குள் பேட்டரி தொடும் முனைகள் லேசாக மங்கியிருந்தன. உப்புத்தாளைக் குச்சியில் சுற்றி, பளபளவென்று தேய்த்துவிட்டார். ஒரு வாரம் எல்லாம் சரி. காவடி எடுப்பதற்குள் எச்சரிக்கை திரும்பி வந்தது. மறுபடி தேய்த்தார். கடைசியில் ஆன் செய்ததும் அணையும் நிலைக்குப் போய்விட்டது.

அந்த முனைகளில் பெரும்பாலும் தங்கப் பூச்சு இருக்கும். தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லிய பூச்சு. தங்கம் துருப்பிடிக்காது என்பதற்காகத்தான் அதை அங்கே பூசுகிறார்கள். உப்புத்தாள் அதை எடுத்துவிட்டால் கீழே இருக்கும் நிக்கலும் செம்பும் வெளியே வரும். நம் தீவின் உப்புக் காற்று மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். படியும் படலம் 0.2 ஓம் தடையைக் கொடுத்தால், 2 ஆம்பியர் இழுக்கும் நொடியில் 0.4 வோல்ட் காணாமல் போகும். சிறிய கேமராக்களின் பேட்டரி மொத்தமே 3.7 வோல்ட்தான். அதில் 0.4 போனால் கேமரா பயப்படாமல் என்ன செய்யும்?

முனைத் தொகுதியை மாற்றப் பழுதுபார்ப்பவர் சொன்ன கூலியில் இன்னொரு பழைய கேமராவே வாங்கலாம் போலிருந்தது. அதைக் கேட்டு அந்தத் தம்பி முகம் போன போக்கு எனக்கு மறக்காது.

சரி, எப்படித் துடைப்பது? கேமராவை அணைத்து, பேட்டரியை எடுத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். பேட்டரியின் முனைகளையும் அப்படியே. நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். பூட்டு, கீல் எண்ணெய் ஸ்ப்ரே எதுவும் அந்தப் பக்கம் வரக் கூடாது.

அதற்கும் முன்னால், குறை எங்கே என்று பாருங்கள். நண்பரிடம் அதே வகை நல்ல பேட்டரி வாங்கிப் போடுங்கள். எச்சரிக்கை மறைந்தால் உங்கள் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. அப்போதும் வந்தால் கேமராப் பக்கம்தான் சந்தேகம். பேட்டரி மூடியை விரலால் மெல்ல அழுத்தும்போது எச்சரிக்கை போகிறதா? முனையின் ஸ்பிரிங்கோ மூடியின் பிடிப்போ தளர்ந்திருக்கிறது. தேய்த்து என்ன பயன்?

ஏஏ பேட்டரி போட்டு மெனுவை மறப்பது

ஆல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட்டில் தொடங்கி மெதுவாக இறங்கும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பெரும்பாலான நேரம் 1.2 வோல்ட்டிலேயே நிற்கும், கடைசியில் பொத்தென்று விழும். ஏஏ போடும் பல கேமராக்களில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்க மெனுவில் இடம் உண்டு. ஆல்கலைன் என்று விட்டுவைத்தால், நிறைந்த ரீசார்ஜ் பேட்டரியையும் பாதி தீர்ந்ததாகவே கேமரா நினைக்கும்.

மல்டிமீட்டர் சொன்னதை வேதவாக்காக எடுப்பது

வோல்டேஜ் அளக்கும் அந்தக் கருவியில், சும்மா கிடக்கும்போது தளர்ந்த பேட்டரிகூட நல்ல வோல்டேஜ்தான் காட்டும். மின்னோட்டம் இழுக்கும்போது அளந்து பாருங்கள்.

லித்தியம் அயான் பேட்டரியை முழுக்கக் காலி செய்து ‘பழக்குவது’

வேண்டாம். அது நிக்கல் காட்மியம் என்ற பழைய வகைப் பேட்டரி காலத்து வைத்தியம்.

எல்லாவற்றுக்கும் மலிவுப் பேட்டரியைத் திட்டுவது

மலிவுப் பேட்டரியில் கேமராவோடு பேசும் சில்லு சொதப்புவது உண்டுதான். ஆனால் அசல் பேட்டரியும் தப்பாது. 2016-இல் வந்த நிக்கான் டி500-இல், ‘லி-அயான்01’ என்று அச்சிட்ட பழைய ஈஎன்-ஈஎல்15 பேட்டரிகள் சீக்கிரமே தீர்ந்ததாகக் காட்டின. அவற்றுக்குப் பதிலாக ‘லி-அயான்20’ பேட்டரிகளை நிறுவனமே மாற்றிக் கொடுத்தது. அதனால் பேட்டரியின் முதுகில் இருக்கும் பொடி எழுத்தையும் படியுங்கள், கேமராவை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேரையும் புதுப்பியுங்கள்.

குளிரில் பேட்டரியைத் தூக்கி எறிவது

பொர்ட் லூயிஸ் வெயிலில் இது யாருக்கும் நினைவுக்கு வராது. பக்கத்து ரீயூனியனுக்குப் போய், 2,600 மீட்டருக்கு மேல் உயர்ந்த பித்தோன் த லா ஃபுர்னேஸ் எரிமலையில் ஜூலை விடியலைப் படம் எடுக்க நின்றால் தெரியும். குளிரில் பேட்டரியின் உள்தடை ஏறுகிறது, எச்சரிக்கை வந்துவிடுகிறது. உள்சட்டைப் பையில் கொஞ்ச நேரம் வைத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். இரண்டாவது பேட்டரியையும் அதே பையில் போட்டுக்கொள்ளுங்கள், மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். கார் ஹீட்டர் வாயில் வைத்துச் சூடாக்காதீர்கள்.