மாநகராட்சிக் கொள்கையை ஆராய்வது எப்படி: சென்னை நடைபாதைகளை முன்வைத்து

சென்னை மாநகராட்சி 2014ஆம் ஆண்டு மோட்டார் அல்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது; போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் உரிய வசதிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்பது அதன் முக்கியக் கூறு. இத்தகைய கொள்கை ஒன்றை ஆராயப் புகுபவர், அது எந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தது என்பதை முதலில் ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். ‘நடைபாதை போதவில்லை’ என்று எழுதினால் தீர்வை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டோம் என்று பொருள். ‘பேருந்து நிறுத்தம் வரை அச்சமின்றி நடக்க முடியவில்லை’ என்று எழுதினால், வேகக் கட்டுப்பாடு, வாகன நிறுத்த ஒழுங்கு, சாலையைக் கடக்கும் வசதி ஆகியவையும் பரிசீலனைக்கு வரும்.

அடுத்து, அதிகாரம் யாரிடம் உள்ளது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான ஆய்வுகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. நடைபாதையை அமைப்பது மாநகராட்சியாக இருந்தாலும், அதைத் தோண்டுவது குடிநீர் வாரியமாகவும், அதன் நடுவே மின்பெட்டியை நிறுத்துவது மின்வாரியமாகவும், அதன்மேல் ஏற்றி நிறுத்தப்பட்ட இருசக்கர வாகனத்துக்கு அபராதம் விதிப்பது போக்குவரத்துக் காவல்துறையாகவும் இருக்கலாம். சில சாலைகளோ மாநில நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தவை. மாமன்றத் தீர்மானம் இவர்களில் எவரைக் கட்டுப்படுத்தும் என்று கேட்காத ஆய்வு வெறும் வாழ்த்துரையாகவே முடியும்.

பிறகு வரவு செலவுத் திட்டம். ஒதுக்கீட்டை மட்டும் பார்ப்பது பயனற்றது. ஆண்டின் இடையே மாற்றியமைக்கப்படும் திருத்திய மதிப்பீட்டையும் உண்மையில் செலவான தொகையையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். வெளியிடப்படாத கணக்கை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறலாம்.

எத்தனை கிலோமீட்டர் நடைபாதை போடப்பட்டது என்பது செய்த வேலையின் கணக்கேயன்றி, விளைந்த பயனின் கணக்கு அன்று. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைகள் பேரவையின் நெறிமுறை, நடைபாதையின் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. ஓர் அளவு நாடாவுடன் சென்று, மரம், மின்பெட்டி, கடைப்படி ஆகியவற்றைக் கழித்து எஞ்சும் அகலத்தை அளந்தால், காகிதத்தில் இரண்டு மீட்டராக இருப்பது காலடியில் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். அங்கே எத்தனை பேர் நடைபாதையைவிட்டு இறங்கிச் சாலையில் நடக்கிறார்கள் என்பதையும் எண்ண வேண்டும்.

இறுதியாக, யாருக்கு இழப்பு என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். சாலையோர வியாபாரிகளின் வாழ்வாதாரத்தை 2014ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் பாதுகாக்கிறது. அவர்களை முறையாகக் கணக்கெடுக்காமல் அப்புறப்படுத்த அச்சட்டம் இடந்தரவில்லை. ஆகவே அவர்களுக்கான இடத்தையும் வரைபடத்தில் காட்டாத நடைபாதைத் திட்டம் எதுவும் முழுமையாக மதிப்பிடப்பட்டதாகாது.