உங்கள் பெயரைத் தேடினால் என்ன வருகிறது? மாணவர்களுக்கான செய்முறை விளக்கம்

வேலைக்கோ மேற்படிப்புக்கோ விண்ணப்பம் அனுப்பினால், அதைப் படிப்பவர் உங்கள் பெயரைக் கூகுளில் தட்டிப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. 2017இல், ஃபேஸ்புக் தனிக்குழு ஒன்றில் அருவருப்பான மீம்களைப் பகிர்ந்ததற்காக, ஏற்கெனவே இடம் கிடைத்திருந்த குறைந்தது பத்து மாணவர்களின் சேர்க்கையை ஹார்வர்டு ரத்து செய்தது. வெளியார் எட்டிப் பார்க்க முடியாத குழு என்று நம்பித்தான் அவர்கள் அங்கே எழுதியிருந்தார்கள்.

ஆனால் நான் வகுப்பில் பார்க்கும் மாணவர்களில் பெரும்பாலோர் வெட்கப்படும்படி எதையும் எழுதியவர்கள் அல்லர். அவர்கள் பெயரைத் தேடினால் ஒன்றுமே வருவதில்லை. அல்லது, வேறு யாரோ பதிவேற்றிய பழைய பட்டியல் முதலில் வந்து நிற்கிறது. இந்த இரண்டையும் சரிசெய்யும் வழியைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

படி 1: முதலில் தேடுங்கள்

உலாவியில் இன்காக்னிட்டோ சாளரத்தை (உங்கள் கணக்கில் நுழையாமல் திறக்கும் தனிச் சாளரம்) திறந்துகொள்ளுங்கள். உங்கள் கணக்கில் இருந்தபடியே தேடினால் முடிவுகள் உங்களுக்கு ஏற்றபடி மாறக்கூடும். முன்பின் தெரியாதவர் பார்ப்பதுதான் நமக்கு வேண்டும். பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் தட்டுங்கள். ஆங்கிலத்தில் உங்கள் பெயரை எத்தனை விதமாக எழுதியிருக்கிறீர்களோ அத்தனை விதமாகவும் தேடுங்கள். பிறகு பெயரோடு கல்லூரிப் பெயரைச் சேர்த்து ஒரு முறை, கைபேசி எண்ணை மட்டும் ஒரு முறை, பள்ளி நாட்களில் வைத்திருந்த பயனர் பெயரை ஒரு முறை. படங்கள் பகுதியையும் பாருங்கள்.

கண்ணில் பட்டதையெல்லாம் ஒரு விரிதாளில் குறியுங்கள்: இணைய முகவரி, அதில் இருப்பது, அந்தப் பக்கம் யாருடையது. மூன்றாவது நிரலைக் காலியாக விட்டுவிடாதீர்கள். அடுத்த படி முழுவதும் அதை நம்பித்தான் இருக்கிறது.

படி 2: நீக்கச் சொல்வது

எனக்கும் அதிக நேரம் பிடித்த இடம் இது. பக்கம் வேறு, தேடல் முடிவு வேறு. பக்கம் அதை நடத்துபவரின் கையில் இருக்கிறது. தேடல் முடிவு கூகுளின் கையில் இருக்கிறது. ஒருவரிடம் கேட்டால் மற்றதும் தானாக உடனே போய்விடாது.

ஒரு மாணவியின் பெயரைத் தேடியபோது, அவர் பள்ளியில் படிக்கும்போது கலந்துகொண்ட போட்டியின் பங்கேற்பாளர் பட்டியல் வந்தது. பிடிஎஃப் கோப்பு. பெயர், பிறந்த தேதி, தந்தையின் கைபேசி எண் எல்லாம் அதில் இருந்தன. அமைப்பாளர்களுக்கு மின்னஞ்சல் எழுதினோம். "நீக்கிவிட்டோம்" என்று மறுநாளே பதில் வந்தது. அவர்களது தளத்தில் அந்த இணைப்பும் இல்லை. ஆனாலும் கூகுளில் பட்டியல் வந்துகொண்டே இருந்தது.

காரணம் இதுதான்: அவர்கள் பக்கத்திலிருந்த இணைப்பை மட்டும் எடுத்திருந்தார்கள், கோப்பு சர்வரிலேயே இருந்தது. அதன் முகவரியை நேரடியாக உலாவியில் ஒட்டினால் அழகாகத் திறந்தது. "இணைப்பை மட்டுமல்ல, இந்தக் கோப்பையே அழித்துவிடுங்கள்" என்று முழு முகவரியோடு மறுபடியும் எழுதிய பிறகே காரியம் நடந்தது. ஆகவே யாருக்கு எழுதினாலும் கோப்பின் முகவரியை முழுதாகக் கொடுங்கள். அவர்கள் நீக்கியதாகச் சொன்னதும் நீங்களே திறந்து பாருங்கள்.

பக்கம் உண்மையாகவே போன பிறகும் தேடலில் சில காலம் பழைய சுருக்கம் தங்கியிருக்கும். அதற்குக் கூகுளின் 'ரிஃப்ரெஷ் அவுட்டேட்டட் கன்டென்ட்' கருவி இருக்கிறது. தளம் உங்களுடையதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பக்கம் முழுதும் போயிருந்தால் முகவரி போதும். பக்கம் இருந்து, உங்கள் பெயர் மட்டும் நீங்கியிருந்தால், முன்பு அங்கே இருந்து இப்போது இல்லாத சொல் ஒன்றையும் கொடுக்க வேண்டும். அந்தச் சொல் பக்கத்தின் வேறு மூலையில் எங்காவது எஞ்சியிருந்தால் கோரிக்கை நிராகரிக்கப்படும்.

தளக்காரர் பதிலே போடவில்லை என்றால்? தொலைபேசி எண், வீட்டு முகவரி, மின்னஞ்சல் போன்றவை தேடலில் தெரிந்தால் நீக்கக் கோருவதற்கு 'ரிசல்ட்ஸ் அபௌட் யூ' என்ற வசதியைக் கூகுள் 2022இல் கொண்டுவந்தது. எல்லா நாடுகளிலும் இது கிடைப்பதில்லை. கிடைக்காத இடத்தில் கூகுளின் உதவிப் பக்கத்தில் உள்ள நீக்கல் படிவத்தைப் பயன்படுத்தலாம். இவை தேடல் முடிவை மட்டுமே எடுக்கும். பக்கம் அங்கேயே இருக்கும்.

பணம் கொடுத்தால் எல்லாவற்றையும் அழித்துத் தருகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள். மேலே சொன்ன எதற்கும் கட்டணம் கிடையாது.

படி 3: சமூக ஊடகக் கணக்குகள்

கணக்கையே அழிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஃபேஸ்புக்கில் 'லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்' என்ற அமைப்பு, பழைய பொதுப் பதிவுகள் அனைத்தையும் ஒரே சொடுக்கில் நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றிவிடும். ஒரே சொடுக்கில் பழையபடி திருப்ப முடியாது, யோசித்து அழுத்துங்கள். இன்ஸ்டாகிராமில் டேக் செய்யப்படும் படங்களை நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகே காட்டும்படி வையுங்கள். டேக்கை நீக்கினால் உங்கள் பெயர்தான் போகும். படம் நண்பரின் கணக்கிலேயே இருக்கும். நண்பரிடம் நேரில் கேட்டு எடுக்கச் சொல்வதே நல்லது.

படி 4: லிங்க்ட்இன்

வேலை, தொழில் தொடர்புகளுக்கான இந்தத் தளத்தில் சேரக் குறைந்தது 16 வயது ஆகியிருக்க வேண்டும். சான்றிதழில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில் பெயரைக் கொடுங்கள். கல்லூரி மின்னஞ்சலை மட்டும் கொடுத்துக் கணக்குத் தொடங்குவதுதான் நான் அடிக்கடி காணும் சிக்கல். படிப்பு முடிந்து அந்த மின்னஞ்சல் மூடப்பட்டால், கடவுச்சொல்லை மீட்க வழியில்லாமல் தவிப்பார்கள். சொந்த மின்னஞ்சலையும் சேர்த்து அதையே முதன்மை முகவரியாக்குங்கள், இன்றே செய்துவிடுங்கள்.

பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரியில் 220 எழுத்துக்குறிகள் வரை எழுதலாம். "ஆர்வமும் உழைப்பும் மிக்க மாணவர், நல்ல வாய்ப்பைத் தேடுகிறேன்" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. "இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு, நீரேற்றும் பம்புகளில் அதிர்வை அளக்கும் திட்டப்பணி, மேட்லாப் தெரியும்" என்று எழுதினால், பம்பு தயாரிக்கும் நிறுவனத்தார் நின்று படிப்பார். அறிமுகப் பகுதியில் 2,600 வரை இடம் உண்டு. ஆனால் முதல் சில வரிகள்தான் உடனே தெரியும், மற்றவை மடிந்திருக்கும். செய்த வேலையை அந்த வரிகளிலேயே சொல்லுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் எழுதி வாங்கிய அறிமுகங்களை நிறையப் பார்க்கிறேன். பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும்படி இருக்கின்றன. பிழை திருத்த மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

திறன்கள் பட்டியலில், அதைப் பற்றி மூன்று கேள்வி கேட்டால் பதில் சொல்ல வராத எதையும் வைக்காதீர்கள். உங்கள் லிங்க்ட்இன் பக்க முகவரியின் கடைசியில் தானாக ஒட்டிக்கொண்ட எண்களை நீக்கிச் சொந்த முகவரி அமையுங்கள். திருத்தம் செய்யும்போது, தொடர்பில் உள்ளவர்களுக்கு அறிவிப்புப் போகும் பொத்தானை அணைத்துவிடுங்கள்.

படி 5: செய்ததைக் காட்டுங்கள்

நிரல் எழுதுபவர்களுக்கு, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பைத்தான் பரிந்துரைப்பேன். சுயவிவரத்தின் மேலே ஆறு வேலைகள் வரை முன்னிறுத்திக் காட்டலாம். நல்லதாக இரண்டு இருந்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் இது எதற்கு, எப்படி இயக்குவது என்று ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் எழுதுங்கள். முதல் கமிட்டுக்கு (நிரலில் செய்த மாற்றத்தைப் பதிவது) முன்பே மின்னஞ்சலை மறைக்கும் அமைப்பை இயக்கி, அது தரும் மாற்று முகவரியை உங்கள் கணினியில் அந்த மாற்றங்களைப் பதியும் கிட் மென்பொருளின் அமைப்பிலும் கொடுங்கள். பிறகு மாற்றினால் பழைய கமிட்டுகளில் உண்மையான முகவரி அப்படியே இருக்கும். மற்றத் துறையினர் ஓர் எளிய இலவச வலைத்தளத்தில் அறிக்கை, படங்கள், கட்டுரைகளை வைத்து, லிங்க்ட்இன்னிலிருந்து இணைப்புக் கொடுக்கலாம்.

பின்சேர்க்கை (வாசகர்கள் கேட்டவை)

ஒருவரின் பெயரிலேயே இன்னொருவர் மீது வழக்குச் செய்தி வருகிறதாம். அந்தச் செய்தியை அகற்ற வழியில்லை. எல்லா இடத்திலும் ஒரே முன்னெழுத்து, ஒரே படம், பெயரோடு துறையும் என்று வைத்துக்கொண்டால் தேடுபவர் இருவரையும் பிரித்தறிவார். விண்ணப்பத்திலேயே உங்கள் லிங்க்ட்இன் முகவரியைக் கொடுங்கள். அவர் தேட வேண்டிய தேவையே குறையும்.

போலிக் கணக்கு பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். புகார் செய்வதற்கு முன் கணக்கின் முகவரி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். கணக்கு மறைந்தால் ஆதாரமும் போய்விடும். பிறகு ஆள்மாறாட்டம் என்ற பிரிவில் புகார் கொடுங்கள்.

பள்ளி மாணவர்களின் படங்கள் தேடலில் வந்தால், 18 வயது நிரம்பாதவர் என்ற காரணத்தைக் காட்டி அவரோ பெற்றோரோ நீக்கக் கோரலாம். கூகுள் இதை 2021 முதல் ஏற்கிறது. இனிமேல் வரப்போவதைக் கவனிக்க, மேற்கோள் குறிக்குள் உங்கள் பெயரை இட்டுக் கூகுள் அலர்ட்ஸில் ஒரு விழிப்பூட்டல் அமைத்துவிடுங்கள். வாரம் ஒரு முறை என்று வைத்தால் அஞ்சல்பெட்டி நிரம்பாது.