ஈவி கோடு மேலே, பணக்கோடு கீழே: கிராஃபைத் தப்பாகப் படிக்கும் விதங்கள்

இருவர் மட்டும் மோதும் ஹெட்ஸ்-அப் போக்கரை ஆன்லைனில் ஆடுகிறவரிடம் "எப்படிப் போகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். தோற்றுக்கொண்டிருந்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஈவில நான் மேலதான் இருக்கேன், சீட்டுதான் விழல." கையோடு ஒரு கிராஃபையும் நீட்டுவார். அதில் இரண்டு கோடுகள் இருக்கும். ஒன்று உண்மையில் வந்த பணம். இன்னொன்று ஈவி, அதாவது எதிர்பார்ப்பு மதிப்பு. இந்த இரண்டாவது கோட்டை "எனக்கு நியாயமாக வந்திருக்க வேண்டிய பணம்" என்று படிப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

போக்கர் டிராக்கர், ஹோல்டெம் மேனேஜர் போன்ற மென்பொருள்கள் அந்தக் கோட்டை வரையும் முறை மிக எளிது. கடைசிச் சீட்டான ரிவர் விழும் முன்பே இருவரும் ஆல்-இன் ஆகிவிட்டால், அதாவது முழுப் பணத்தையும் உள்ளே தள்ளிவிட்டால், அந்த நேரத்தில் யாருக்கு எத்தனை சதவீத வாய்ப்பு என்று பார்த்து, நடுவில் உள்ள பணத்தை அந்த விகிதத்தில் பிரித்து எழுதிவிடும். மற்ற எல்லாக் கைகளிலும் (ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை) ஈவி கோடும் பணக்கோடும் ஒன்றாகவே நகரும். ஆக, சீட்டாட்டத்தின் அதிர்ஷ்டத்தில் ஒரே ஒரு துண்டை மட்டும் அது கழித்துக் காட்டுகிறது.

அந்தத் துண்டு எவ்வளவு சிறியது என்பதற்கு ஓர் உதாரணம். ரிவருக்கு முந்தைய சீட்டான டர்னில் உங்களிடம் ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து சீட்டு) அமைந்துவிட்டது; எதிராளி அதைவிடப் பெரிய ஃப்ளஷுக்கு (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) ஒரு சீட்டு தேடுகிறார். தெரியாத 44 சீட்டுகளில் 9 அவருக்கு உதவும், ஏறக்குறைய 20 சதவீதம். பணம் முழுவதும் டர்னிலேயே உள்ளே போய், ரிவரில் அவருக்கு ஃப்ளஷ் விழுந்தால், ஈவி கோடு உங்களுக்கு 80 சதவீதப் பங்கை எழுதிக் கொடுக்கும். அதே கையில் டர்னில் பாதிப் பணம், மீதி ரிவரில் என்று போயிருந்தால்? ரிவர் விழுந்த பிறகு உங்கள் வாய்ப்பு பூஜ்யம். ஈவி கோடும் பணக்கோட்டோடு சேர்ந்து தொப்பென்று விழும். சீட்டு அதேதான், துரதிர்ஷ்டமும் அதேதான், கோடு மட்டும் வேறு கதை சொல்கிறது.

யாருக்கு என்ன சீட்டு விழுந்தது என்பதையும் அது கணக்கில் எடுப்பதில்லை. உங்களுக்கு ராஜா ஜோடி, எதிரே ஏஸ் ஜோடி. ஹெட்ஸ்-அப்பில் ராஜா ஜோடி வைத்திருப்பவருக்கு இது சுமார் 204 தடவைக்கு ஒரு தடவை நேரும். ஆளுக்கு 100 பிக் பிளைண்ட் (கை தொடங்கும்போது கட்டாயமாக வைக்கும் பெரிய பந்தயம்; கணக்குக்கு அதுதான் அலகு) போட்டுத் தோற்றால், உங்கள் வாய்ப்பு 18 சதவீதம் என்பதால் ஈவி கோடு 64 இறங்கும், பணக்கோடு 100 இறங்கும். 'வெறும் 36தான் துரதிர்ஷ்டம்' என்பது மென்பொருளின் தீர்ப்பு. அந்தச் சீட்டுகளோடு உட்கார நேர்ந்ததே துரதிர்ஷ்டம் என்பது அதற்குத் தெரியாது. எதிரே ஏஸ் ஜோடியோடு அந்தப் பணத்தை வாங்கியவரும் ஈவியில் தன்னை மேதையாகத்தான் பார்ப்பார்.

அடுத்தது, "இடைவெளி எப்படியும் மூடிவிடும்" என்ற நம்பிக்கை. சீட்டுக்கட்டு யாருக்கும் கடன்பட்டதில்லை. நாணயத்தை 100 தடவை சுண்டி 40 தலை விழுந்தது, 10 குறைகிறது. இன்னும் 9,900 தடவை சுண்டினால் 4,950 தலையை எதிர்பார்க்கலாம், மொத்தம் 4,990. அந்த 10 இன்னும் குறைவாகவே இருக்கிறது! சதவீதம் மட்டும் 40-லிருந்து 49.9-க்கு நகர்ந்துவிட்டது. போக்கரிலும் அப்படித்தான். இழந்த 30 பை-இன் (மேசையில் உட்காரக் கொண்டுவரும் தொகை) திரும்பி வரும் என்று காத்திருந்து, அந்தத் தெம்பில் பெரிய மேசைக்கு ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, எத்தனை கை ஆடினால் கிராஃபை நம்பலாம்? 2020 நவம்பரிலிருந்து 2021 பிப்ரவரி வரை டக் போல்க், டேனியல் நெக்ரானு என்ற பெயர்பெற்ற ஆட்டக்காரர்கள் இருவரும் 200/400 டாலர் பிளைண்டில் (பிக் பிளைண்ட் 400) 25,000 கை மோதினார்கள். பெரும்பகுதி ஆன்லைனில் நடந்தது. போல்க் சுமார் 12 லட்சம் டாலர் ஜெயித்தார். அதாவது 3,000 பிக் பிளைண்ட், 100 கைக்கு 12. ஹெட்ஸ்-அப்பில் 100 கைக்கான ஏற்ற இறக்கம், புள்ளியியலார் சொல்லும் திட்ட விலக்கம், 100-க்கு மேலேயே இருக்கும். 120 என்று வைத்துக்கொள்வோம். 25,000 கைக்கு அது ஏறக்குறைய 1,900 பிக் பிளைண்ட் ஆகிறது. அப்படியானால் சமபலமுள்ள இருவர் ஆடினாலும், யாராவது ஒருவர் இவ்வளவு ஜெயித்துவிட ஒன்பதில் ஒரு வாய்ப்பு உண்டு. போல்க்தான் பலசாலி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை; பந்தயம் கட்டியவர்களும் தொடக்கம் முதல் அவர் பக்கம்தான். ஆனால் அந்த முடிவுக்குக் கிராஃப் மட்டும் போதாது. மூன்று மாதம் ஆடிய இவர்களுக்கே இந்த நிலை என்றால், ஒரு வாரத்து 3,000 கையை வைத்து என்ன பேசுவது?

இதே போல்க் 2015-ல் இன்னொரு சர்ச்சையிலும் இருந்தார். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கிளாடிகோ என்ற போக்கர் ஆடும் கணினி நிரலோடு போல்க் உட்பட நான்கு ஆட்டக்காரர்கள் 80,000 கை ஆடி, மொத்தமாக 7,32,713 சிப் முன்னால் முடித்தார்கள். 100 கைக்கு 9 பிக் பிளைண்டுக்கு மேல். பல்கலைக்கழகமோ 'புள்ளியியல்படி இது சமன்' என்றது. போக்கர் உலகம் கொதித்தது. 2017-ல் அதே பல்கலைக்கழகத்தார் லிப்ரேட்டஸ் என்ற புது நிரலோடு திரும்பி வந்தபோது கைகளை 1,20,000 ஆக்கினார்கள். 2015-ல் செய்தது போலவே, ஒருவருக்கு விழுந்த சீட்டுகளை இன்னொரு மேசையில் நிரலுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். ரிவருக்கு முன் ஆல்-இன் ஆனால் சீட்டைத் திறந்து பார்க்காமல் ஈவிப்படியே பங்கு பிரித்தார்கள். இத்தனை வடிகட்டலுக்குப் பிறகுதான், 100 கைக்கு 14.7 பிக் பிளைண்ட் என்ற நிரலின் வெற்றியை யாரும் அதிர்ஷ்டம் என்று சொல்லவில்லை. நம் கிராஃபில் இருப்பதோ அந்தக் கடைசி வடிகட்டி மட்டும்.

இந்த மென்பொருள்கள் கூடுதலாக வரைந்து காட்டும் சிவப்புக் கோட்டைப் பற்றிச் சுருக்கமாக. சீட்டைக் காட்டாமலே முடிந்த கைகளின் கணக்கு அது. அது இறங்குகிறதே என்று பதறிக் கண்டபடி பிளஃப் அடித்தால், அதாவது நல்ல சீட்டில்லாமலே பந்தயம் ஏற்றி மிரட்டினால், சிவப்பு ஏறும். பிளஃப் பிடிபட்ட கைகள் நீலக் கோட்டில், அதாவது சீட்டைத் திறந்து காட்டிய கைகளின் கணக்கில், போய் விழும். இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

ஹெட்ஸ்-அப்புக்கே உரிய தவறு, எல்லா எதிராளியையும் ஒரே கோட்டில் கலந்து பார்ப்பது. நானே செய்திருக்கிறேன். 8,000 கை, கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஏறும் கோடு, ஈவியும் கூடவே ஏறியது. ஒரு நாள் சும்மா இருக்கும்போது எதிராளி வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். லாபம் முழுவதும் ஒரே ஆளிடமிருந்து வந்திருந்தது, அவரோடு ஆடியது வெறும் 600 கை. மற்றவர்களோடு ஆடிய 7,400 கையின் கோடு சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆள் அப்புறம் மேசைப் பக்கமே வரவில்லை.