ஆவண மேலாண்மைக்கு வகைப்பாடும் மெட்டாடேட்டாவும்: முதன்முறை செய்பவர்களுக்கு

ஒரு பழைய ஷிப்பிங் பில்லை (ஏற்றுமதிக்குச் சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் ஆவணம்) தேட அரை நாள் போகும் நிலை வந்தபிறகுதான் பல நிறுவனங்கள் ஆவண மேலாண்மை மென்பொருளை வாங்குகின்றன. வாங்கிய கையோடு பழைய ஃபோல்டர்களை அப்படியே அதில் ஏற்றிவிடுகிறார்கள். தேடும் அவதி துளியும் குறைவதில்லை. ஏற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலையை, திருப்பூரில் இருக்கக்கூடிய ஒரு நடுத்தரப் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தை வைத்துப் பார்ப்போம்.

படி 1: கேள்விகளைச் சேகரியுங்கள்

மென்பொருளை இப்போது திறக்கவே வேண்டாம். மெர்ச்சண்டைசர் (பையர்களோடு, அதாவது வாங்கும் நிறுவனங்களோடு, பேசி ஆர்டர்களைக் கவனிப்பவர்), அக்கவுண்ட்ஸ், ஷிப்பிங் என்று ஒவ்வொரு மேஜையாகப் போய், "கடைசியாக எந்த ஆவணத்தைத் தேடினீர்கள், எப்படிக் கேட்டீர்கள்?" என்று விசாரியுங்கள். அவர்கள் சொல்வதை அதே வார்த்தைகளில் குறித்துக்கொள்ளுங்கள்.

"ஜெர்மன் பையருக்கு மார்ச்ல போன சரக்கோட இன்வாய்ஸ்."
"இந்த ஸ்டைலுக்கு வந்த கலர் டெஸ்ட் ரிப்போர்ட்."
"சாயப்பட்டறையோட போட்ட ஒப்பந்தம் எப்ப முடியுது?"

இப்போது அடிக்கோடிடுங்கள்: பையர், மாதம், ஆவண வகை, ஸ்டைல் (ஆடை மாடல்), முடிவுத் தேதி. இருபது முப்பது கேள்விகளைச் சேர்த்தாலும் திரும்பத் திரும்ப வருவது இப்படிச் சில கூறுகள்தான். உங்கள் மெட்டாடேட்டா, அதாவது ஆவணத்தைத் தேடிப்பிடிக்க அதோடு சேர்த்து வைக்கும் விவரங்கள், அவைதான்.

படி 2: கூறுகளைத் தனித்தனியே வையுங்கள்

ஃபோல்டர் ஒரே ஒரு வரிசையைத்தான் தரும். பையர், அதற்குள் வருடம், அதற்குள் ஸ்டைல் என்று அடுக்கினால் மெர்ச்சண்டைசருக்கு வசதி. ஆனால் ஆடிட்டர் வந்து ஒரு மாதத்தின் எல்லா இன்வாய்ஸையும் கேட்டால் ஒவ்வொரு ஃபோல்டராக ஏறி இறங்க வேண்டும்.

சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் நூல்களுக்கு இதே சிக்கலைத் தீர்த்தார். 1933இல் வெளியான அவருடைய கோலன் வகைப்பாடு, ஒரு பொருளை ஒரே கிளையில் அடைக்காமல் பொருள், செயல், இடம், காலம் போன்ற கூறுகளாகப் பிரித்து, தேவைக்கேற்ப இணைத்துக்கொள்ளும். ஆவண மேலாண்மையில் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரே ஒரு கருத்தைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். ஒரு புலம் (ஒரு விவரத்தை நிரப்பும் பெட்டி), ஒரு கேள்வி. "2025 ஜெர்மனி இன்வாய்ஸ்" என்று ஒரு வகையை உருவாக்கினால் மூன்று கேள்விகளை ஒன்றாகக் குழைத்துவிட்டீர்கள் என்று பொருள்.

படி 3: ஆவண வகைகளை முடிவு செய்யுங்கள்

இரண்டு ஆவணங்கள் வெவ்வேறு வகையா என்று சந்தேகம் வந்தால் மூன்றைப் பாருங்கள்: நிரப்ப வேண்டிய புலங்கள், வைத்திருக்க வேண்டிய காலம், பார்க்க அனுமதி உள்ளவர்கள். ஒன்றாவது வேறுபட்டால் தனி வகை. டாக்ஸ் இன்வாய்ஸும் ப்ரொஃபார்மா இன்வாய்ஸும் (விற்பனைக்கு முன் அனுப்பும் உத்தேச இன்வாய்ஸ்) தனித்தனி. துணி டெஸ்ட் ரிப்போர்ட்டும் ஆடை டெஸ்ட் ரிப்போர்ட்டும் மூன்றிலும் ஒத்துப்போனால் ஒரே வகை போதும். துறைப் பெயரை வகையாக வைக்காதீர்கள். துறைகளை இணைப்பார்கள், பிரிப்பார்கள்.

படி 4: புலங்களைக் குறையுங்கள்

மெட்டாடேட்டாவுக்கான டப்ளின் கோர் என்ற சர்வதேசத் தரத்தில் 15 அடிப்படைக் கூறுகள் உண்டு. எதையாவது விட்டுவிட்டோமா என்று சரிபார்க்க நல்ல பட்டியல். எல்லாவற்றையும் வைக்க வேண்டியதில்லை. ஒரு ஷிப்பிங் பில்லுக்கு இவ்வளவு போதும்:

ஆவண வகை: ஷிப்பிங் பில்
பையர்: பட்டியலிலிருந்து
ஆர்டர் எண்: பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) 4471
ஆவணத் தேதி: 2025-03-14
துறைமுகம்: தூத்துக்குடி

ஏற்றியவர் பெயர், ஏற்றிய நேரம் எல்லாம் மென்பொருளே போட்டுக்கொள்ளும். தேதி என்பது ஸ்கேன் செய்த தேதி அல்ல, ஆவணத்தில் உள்ள தேதி. கட்டாயப் புலங்கள் ஐந்தைத் தாண்ட வேண்டாம். பன்னிரண்டு பெட்டிகளை நிரப்பச் சொன்னால், வேலை நெருக்கடியில் எல்லாவற்றிலும் ஒரு புள்ளியை வைத்துவிட்டுப் போவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

படி 5: பட்டியல்களைப் பூட்டுங்கள்

ஒருவர் தூத்துக்குடி என்பார், இன்னொருவர் டூட்டிகோரின், மூன்றாமவர் வ.உ.சி. துறைமுகம். தட்டச்சு செய்ய விட்டால் தேடலில் மூன்று துறைமுகங்கள் வரும். ஒன்றை முதன்மைப் பெயராக்கி மற்றவற்றை மாற்றுப் பெயர்களாகச் சேருங்கள். மைக்ரோசாஃப்ட்டின் ஆவண மென்பொருளான ஷேர்பாயின்ட்டில், டெர்ம் ஸ்டோர் என்ற சொற்பட்டியல் பகுதியில் இந்த வசதி உண்டு. பையர் பெயர்களுக்கும் இதேதான். பட்டியலில் புதிதாகச் சேர்க்கும் உரிமை ஒருவரிடம் இருக்கட்டும். கேட்டால் அன்றே சேர்த்துக் கொடுப்பவராகவும் அவர் இருக்கட்டும்.

படி 6: காலக்கெடு

எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதை ஆவண வகையோடு இணைத்துவிடுங்கள். ஜிஎஸ்டி கணக்குகளுக்கு, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள். கம்பெனிகள் சட்டம் 2013இன்படி கணக்குப் புத்தகங்களும் அவற்றுக்கான வவுச்சர்களும் குறைந்தது 8 நிதியாண்டுகள். இரண்டும் பொருந்தினால் நீண்டதை எடுங்கள். வழக்கோ மேல்முறையீடோ நிலுவையில் இருந்தால் அழிப்பதை நிறுத்திவைக்க ஒரு புலம் கட்டாயம் வேண்டும்.

படி 7: சோதியுங்கள்

ஐம்பது ஆவணங்களை எடுத்து, வேறு வேறு துறையைச் சேர்ந்த இருவரிடம் கொடுத்து, ஒருவரையொருவர் கேட்காமல் நிரப்பச் சொல்லுங்கள். இருவர் பதிலும் எங்கே வேறுபடுகிறதோ அங்கே உங்கள் விளக்கம் தெளிவாக இல்லை, திருத்துங்கள். அப்புறம் படி 1இல் எழுதிய கேள்விகளை ஒவ்வொன்றாக ஃபில்டரில் போட்டுப் பாருங்கள். விடை வராத கேள்விக்கு ஒரு புலம் குறைகிறது. எந்தக் கேள்விக்கும் உதவாத புலத்தை, சட்டத்துக்காக வைத்ததைத் தவிர, எடுத்துவிடலாம்.

சரியாக வந்ததும் ஒரு தேதியைக் குறித்து, அன்று முதல் வரும் ஆவணங்களைப் புதிய முறையில் ஏற்றுங்கள். பழையவற்றில் நடப்பு ஆர்டர்களை மட்டும் கொண்டுவந்தால் போதும்; மீதி ஃபோல்டர்களைப் படிக்க மட்டும் அனுமதித்து அப்படியே விட்டுவிடுங்கள்.