தட்டான் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு: துரத்தாதீர்கள், நிறத்தை நம்பாதீர்கள்

தட்டானைத் துரத்தினால் கிடைப்பது மூச்சிரைப்புதான். நின்ற இடத்தில் நின்றால் பாதி இனங்கள் தாமாகவே கண்ணெதிரே வந்து உட்காரும்.

1. இடமும் நேரமும்

உடம்பு சூடேறினால்தான் பறக்கும் என்பதால் விடியலில் போய்ப் பயனில்லை. வெயில் ஏறிய பிறகு, காற்றில்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். கோரையும் புல்லும் ஓரத்தில் வளர்ந்த தேங்குநீர் முதலில் போதும். ஓடை இனங்கள் வேறு, அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

2. கருவி

8 மடங்கு பைனாகுலர், 2 மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகவேண்டும். கடையில் எல்லோரும் 10 மடங்கைத்தான் நீட்டுவார்கள். அதில் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். வலை வேண்டவே வேண்டாம். உட்கார்ந்திருக்கும் தட்டானைப் படமெடுக்க ஷட்டர் வேகம் 1/250 நொடி போதும், பறப்பதற்கு 1/1000 நொடியைவிட வேகமாக.

3. கிட்டப் போவது

குச்சி நுனியில் உட்காரும் இனங்கள் எழுந்து பறந்தாலும் பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பும். பறந்ததும் நீங்களும் அதன் பின்னால் போனால் காரியம் கெட்டது. அது இல்லாத நேரத்தில் ஓரடி முன்னால் வைத்து அசையாமல் நில்லுங்கள். உங்கள் நிழல் அதன்மேல் விழக்கூடாது. பக்கவாட்டில் நகராதீர்கள், நேர்கோட்டில் தாழ்வாகப் போங்கள்.

உச்சி வெயிலில் சில தட்டான்கள் வாலைச் செங்குத்தாக வானத்தை நோக்கித் தூக்கி நிற்கும். அடிபட்டதோ என்று பயப்படவேண்டாம், உடம்பில் படும் வெயிலைக் குறைக்கும் உபாயம் அது.

4. எந்த இனம்?

பலரும் சறுக்குவது இங்கேதான். சிவப்பு ஒரு இனம், மஞ்சள் இன்னொரு இனம் என்று குறித்துவைப்பார்கள். கடைசியில் இரண்டும் ஒரே இனத்தின் ஆணும் பெண்ணுமாக இருக்கும். இளம் ஆணும் பெண்ணின் நிறத்தில்தான் இருக்கும். முதிர முதிரத்தான் சிவக்கும். சில இனங்களில் நீறு பூத்து வெளிர்நீலமாகும். இணைசேரும்போது பெண்ணின் கால் பட்டு அந்தப் பொடி உதிர்வதால், வயதான ஆணின் வயிற்று நடுவில் கருந்தழும்பு தெரியும். அதை வேறு இனத்தின் அடையாளமாக எழுதிவிடாதீர்கள்.

ஆகவே முதலில் ஆணா பெண்ணா என்று பாருங்கள். வால்போல் நீண்ட வயிறு 10 கண்டங்கள், அதாவது வளையம் போன்ற துண்டுகள், கொண்டது. பக்கவாட்டில் பார்க்கையில் 2-வது கண்டத்தின் அடியில் புடைப்பு இருந்தால் ஆண். அடுத்து மார்பின் பக்கக் கோடுகள், கண்ணின் நிறம், இறக்கை நுனியருகே முன்விளிம்பில் உள்ள சிறு கட்டத்தின் நிறம், வால் நுனிக் கொக்கிகள்.

மூன்று படங்கள் கட்டாயம்: மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, வால் நுனியை மட்டும் நெருக்கத்தில் ஒன்று. முதல் படம் அழகாக வந்த மகிழ்ச்சியில் மற்ற இரண்டையும் விட்டுவிடுவதுதான் வழக்கம். செயலிகள் முதல் வரியில் சொல்லும் பெயரை அப்படியே ஏற்காதீர்கள், அவையும் நிறத்தில் ஏமாறுகின்றன.

5. சட்டை தேடுங்கள்

நீர்மட்டத்துக்கு மேலே தண்டில் ஒட்டியிருக்கும் பழுப்பு நிறக் கூடு, நீரில் வளர்ந்த இளம்பருவம் உரித்துப்போட்ட சட்டை. முதுகு பிளந்திருக்கும், பிளவில் வெள்ளை இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும், மூச்சுக்குழாய்களின் உள்தோல் அது. பறக்கும் தட்டான் வழிப்போக்கனாக இருக்கலாம். சட்டை கிடைத்தால் அந்த நீரிலேயே வளர்ந்தது உறுதி. பக்கத்தில் கண்ணாடிபோல் மின்னும் இறக்கையோடு வெளிறிய தட்டான் இருந்தால் தொடாதீர்கள், இறக்கை இன்னும் கெட்டிப்படவில்லை.

பின்சேர்க்கை: உட்காராத தட்டான்

திறந்த வெளியில் கூட்டமாகச் சுற்றிக்கொண்டே இருப்பவை பெரும்பாலும் பாண்டாலா ஃபிளாவெசென்ஸ், இந்தியப் பெருங்கடலைத் தாண்டி வலசை போகும் இனம். இதனிடம் குச்சி உத்தி பலிக்காது. சாயங்காலம் புதரில் செங்குத்தாகத் தொங்கும்போது தேடுங்கள்.

தட்டானின் மெலிந்த உறவினமான ஊசித்தட்டான்களில் இறக்கையைப் பாதி விரித்து உட்காருபவையும் உண்டு. இறக்கையை மூடினால் ஊசித்தட்டான், விரித்தால் தட்டான் என்ற விதி அங்கே உதவாது. கண்கள் விலகியிருந்தால் ஊசித்தட்டான் என்று கண்களை மட்டும் நம்பினாலும் தவறும்: ஓடையோரத் தட்டான்கள் சிலவற்றுக்கும் கண்கள் விலகித்தான் இருக்கும். பின்னிறக்கையின் அடிப்பகுதியைப் பாருங்கள். முன்னிறக்கையைவிட அகலமாக இருந்தால் தட்டான்.